இங்கு இதுவரை யாரும் விழுந்ததில்லை

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியின் ஸ்கூட்டர் பின்சீட்டில்தான் என் குடும்ப வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. சாமான் பை என் மடியில், வண்டி அவள் கையில். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏதோ மூட்டுவலியால் ஓட்டாமல் இருப்பவன்போல நான் முழங்காலைத் தடவிக்கொள்வேன். வருடக்கணக்கில் தடவித் தடவி இப்போது நிஜமாகவே வலிக்கிறது.

வேலை தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில். மலைமேல் இருக்கும் ஊற்றுகளிலிருந்து பாட்டில்களில் தண்ணீர் வரும். நான் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து அதைக் குலுக்கி, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து எழுதுவேன். அவற்றில் ஒரு பாட்டில்மேல் எனக்குத் தனிப் பிரியம். 'மேல் சுனை' என்று சீட்டு ஒட்டி வரும். அந்தத் தண்ணீர் ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. அதில் எது எவ்வளவு இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. அந்தச் சுனை எப்படி இருக்கும், பக்கத்தில் மரம் உண்டா, பாறையா என்று மட்டும் தெரியாது. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அடிக்கடி யோசிப்பேன். மேலதிகாரி வந்தால் ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிவிடுவேன்.

இப்படி இருக்கையில் மலைப்பகுதி ஆய்வாளர் பதவி காலியானது. அடுத்து நான்தான். ஒரே ஒரு நிபந்தனை: தார்ச் சாலையிலும் மண்பாதையிலும் ஓடக்கூடிய சின்ன மோட்டார் சைக்கிளை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கான பயிற்சி நிறுவனத்தில் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் பதவி அடுத்தவனுக்கு, எனக்கு மறுபடியும் ஜன்னல் இல்லாத அறை.

செய்தியைக் கேட்டதும் என் மனைவி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள். "மலைக்கு ஆய்வாளராப் போறார். ஆமா, தனி வண்டி." எதிர்முனையில் என் மாமியார் கேட்டது எனக்கே கேட்டது: "யாரு ஓட்டுவா?"

நிறுவனத்தின் வாசலில் பெரிய பலகை. 'இங்கு இதுவரை யாரும் விழுந்ததில்லை.' வருடா வருடம் புதுப் பெயின்ட் அடிப்பார்களாம். படித்ததும் எனக்கு உயிர் வந்தது. விழாமல் கற்றுக்கொடுக்கும் இடம் உலகத்தில் இருக்கிறதே என்று கைகூப்பாத குறையாக உள்ளே போனேன்.

உள்ளே ஒரு மைதானம். ஒரு பாதி தார் போட்டது, மறுபாதி மண். நடுவில் சுண்ணாம்புக் கோடு. கோட்டின்மேல் அந்த வண்டி நின்றது. ஒல்லியாக, உயரமாக, கிடுகிடுவென்று வளர்ந்த பையன் பழைய டவுசரைப் போட்டுக்கொண்டதுபோல மட்கார்டைத் தூக்கிக்கொண்டு, சக்கரத்தில் கட்டை கட்டையான ரப்பர் பல்லோடு நின்றது. பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. முன்சக்கரம் தாரில், பின்சக்கரம் மண்ணில் இருந்தது. யாரோ அவசரத்தில் அப்படி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இல்லை. அதுதான் அதன் இருப்பிடம். வண்டி இரண்டு நிலத்துக்கும் பொதுவானது என்பதால் நிறுவனத்தில் இரண்டு பிரிவுகள். தார்ப் பிரிவுக்கு ஒரு வாத்தியார், மண் பிரிவுக்கு ஒரு வாத்தியார். வண்டி யார் பிரிவைச் சேர்ந்தது என்று பல வருடங்களாக வழக்கு. தீர்ப்பு வரும்வரை ஆளுக்கொரு சக்கரம் என்று ஏற்பாடு. இரண்டு பெண்டாட்டிக்காரன் நிலைமைதான் வண்டிக்கு. நடுவாசலை விட்டு நகர முடியாது. பேட்டரி செத்துப்போகாமல் இருக்க வாட்ச்மேன் மட்டும் தினமும் காலையில் கிளப்பி அணைப்பார். அதுவும் இரண்டு வாத்தியார்களும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

முதல் நாள் இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடியும் கழற்றினார்.

"இங்க வந்தா வண்டி ஓட்டக் கத்துக்கலாம்னு நெறைய பேர் தப்பா நெனச்சுட்டு வராங்க. ஓட்டறது என்னங்க பெரிய விஷயம்? ரோட்டுல பாருங்க, கண்டவனும் ஓட்டறான். விழாம இருக்கறதுதான் வித்தை. என் சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பயிற்சி குடுத்து அனுப்பியிருக்கேன். ஒருத்தருக்கு ஒரு சிராய்ப்பு உண்டா? கிடையாது. ஏன்? அடித்தளம்!"

என் பக்கத்தில் ஒரு நர்ஸம்மா. மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தவர். அவர் கையைத் தூக்கினார்.

"சார், வண்டிய எப்ப ஓட்டுவோம்?"

இயக்குநர் அவரை வருத்தத்தோடு பார்த்தார். "கல்யாணத்துக்கு வந்த உடனே சாப்பாடு எப்பன்னு கேக்கற மாதிரி இருக்கும்மா உங்க கேள்வி."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். புதிய இடத்தில் நல்ல பெயர் வாங்க வேண்டுமே.

தார் வாத்தியாரின் வகுப்பு நாற்காலியில் நடக்கும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, குதிரை ஏறுவதுபோல ஏறி உட்கார்ந்து, முதுகுச் சட்டத்தை ஹேண்டில்பாராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது கையால் இல்லாத கிளச்சைப் பிடித்து, இடது காலால் இல்லாத கியரை மிதித்து, வாயால் சத்தம் போட வேண்டும். சத்தத்துக்குத் தனி மதிப்பெண். முதல் கியருக்கு அடித்தொண்டை, இரண்டாவதுக்கு மூக்கு, மூன்றாவதுக்கு உதடு. நர்ஸம்மாவுக்கு இரண்டாவது கியர் விழவே இல்லை, சிரித்துவிடுவார். எனக்கோ எல்லாக் கியரும் வெண்ணெயாக விழுந்தன. "இவரைப் பாருங்க, என்ன ஒரு இன்ஜின்!" என்று தார் வாத்தியார் என்னை எழுப்பி நிற்க வைத்துப் பாராட்டினார். இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குள் இப்படி ஒரு திறமை ஒளிந்திருந்ததே என்று கண் கலங்கிவிட்டது.

மண் வாத்தியாரின் வகுப்பு செங்கல்மேல். மண்பாதையில் மேடு பள்ளம் வந்தால் சீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, கால்வைப்பில் எழுந்து நின்று, முட்டியை மடக்கி, வண்டியைத் தனக்குக் கீழே ஆடவிட வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அதனால் நாங்கள் இரண்டிரண்டு செங்கல்மேல் ஏறி, முட்டியை மடக்கி, கையை நீட்டி, தூரத்தைப் பார்த்துக்கொண்டு காலை முழுதும் நிற்போம். மைதானத்துக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம். காத்திருப்பவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பழகிப்போய்ப் பரிதாபப்பட்டார்கள்.

வீட்டில் நான் விடாமல் பயிற்சி எடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் இடது கால் தானாகக் கியர் மாற்றும். மனைவி குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பாள்: "இப்ப எந்தக் கியர்ல சாப்பிடறீங்க?"

"மூணாவது."

"அப்ப கொஞ்சம் பிரேக் போட்டு, ரசத்தை எடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரேக்கைப் பற்றி யாருமே சொல்லவில்லை. மறுநாள் தார் வாத்தியாரிடம் கேட்டேன்.

"கிளப்பறது, கியர் மாத்தறது எங்க பிரிவு. நிறுத்தறது மண் பிரிவு. அங்க கேளுங்க."

மண் வாத்தியார் சொன்னார்: "நிறுத்தறது எங்க பிரிவுதான், இல்லேங்கல. ஆனா ஓடற வண்டியத்தான் நிறுத்த முடியும். அவங்க ஓட்டிக் காட்டட்டும், நான் நிறுத்திக் காட்டறேன்."

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேர் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். என்னிடம் எப்போதுமே அது ஒரு கோளாறு. யார் அதிகாரமாகப் பேசினாலும் எனக்கு நியாயமாகப் படும்.

எழுத்துத் தேர்வில் நான் முதலாவதாக வந்தேன். 'விழுதல் என்றால் என்ன? அதன் தீமைகளை விளக்குக' என்ற கேள்விக்கு நான் எழுதிய விடையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மனைவி போனில் மறுபடியும் எல்லோருக்கும் சொன்னாள். மாமியார் கேட்டாராம்: "சரிடி, ஓட்டறாரா?"

பட்டமளிப்பு நாள் வந்தது. இத்தனை காலமும் ஒருவரும் விழாததைப் பாராட்டி நிறுவனத்துக்குப் பாதுகாப்புக் கேடயம் தர, தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். மைதானத்தின் ஓரத்தில் பந்தல் போட்டு, தூசி பறக்காமல் இருக்க மண் பாதியில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். இயக்குநர் பேசினார், தார் வாத்தியார் பேசினார், மண் வாத்தியார் பேசினார். பெரிய அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார்:

"யாராவது ஒருத்தர் ஓட்டிக் காட்டட்டுமே."

"ஓட்டறதா?" என்றார் இயக்குநர்.

"ஆமா. ஒரு ரவுண்டு."

இயக்குநர் தார் வாத்தியாரைப் பார்த்தார். தார் வாத்தியார் மண் வாத்தியாரைப் பார்த்தார். மண் வாத்தியார் என்னைப் பார்த்தார். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவன் நான்தானே. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் படித்து, எழுதி, முதல் மார்க் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வண்டியில் ஏறினேன். நாற்காலியைவிட உயரம். நுனிக்கால்தான் தரையைத் தொட்டது. வாட்ச்மேன் பட்டனை அழுத்திக் கிளப்பிவிட்டார். பழக்கதோஷத்தில் நானும் வாயால் சத்தம் போட்டேன். இரண்டு இன்ஜின்கள் ஓடின. கிளச்சைப் பிடித்தேன், முதல் கியரை மிதித்தேன், ஆக்சிலரேட்டரை முறுக்கினேன், கிளச்சை விட்டேன். எல்லாம் பாடத்தில் இருந்தபடி. நாற்காலி ஒருமுறைகூடச் செய்யாத ஒரு காரியத்தை வண்டி செய்தது. கிளம்பிவிட்டது.

முதல் கியரில் அலறிக்கொண்டு நான் தார்ப் பாதியில் வளைந்து போனேன். தார் வாத்தியார் கூடவே ஓடிவந்தார்.

"பயப்படாதீங்க! நேராப் பாருங்க! இப்ப மெதுவா வலது கையில..."

கோடு வந்துவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து மண் வாத்தியார் ஓடிவந்தார்.

"எந்திரிங்க! எந்திரிச்சு நில்லுங்க! செங்கல்லை நெனச்சுக்கங்க!"

எழுந்து நின்றேன். வண்டி எனக்குக் கீழே ஈர மண்ணில் அப்படியும் இப்படியும் ஆடியது. நான் ஆடவில்லை. முட்டி தானாக மடங்கி நிமிர்ந்தது. காற்று முகத்தில் அடித்தது. எத்தனையோ வருடம் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, வெறும் வெளி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரைச்சுற்றில் எனக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. மேல் சுனைக்குப் போகும் பாதை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்போடு மறுபடியும் தாருக்கு வந்தேன், உட்கார்ந்தேன். மறுபடியும் மண், எழுந்தேன். சுற்றிச் சுற்றி வந்தேன். எப்படி நிறுத்துவது என்று கத்திக் கேட்டேன். "இப்ப உங்க பக்கம் சார்!" "இல்ல, தாண்டிட்டார், உங்க பக்கம்!" என்று அவர்கள் இருவரும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று கத்தினார்கள். நர்ஸம்மாவும் ஏதோ கத்தினார். ஆனால் அவருக்கு எந்தப் பிரிவிலும் அதிகாரம் இல்லாததால் நான் காதில் வாங்கவில்லை.

இயக்குநர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. வாசல் பலகையைப் பார்த்தார், பந்தலில் இருந்த கேடயத்தைப் பார்த்தார். இவன் இன்று விழுவான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மாணவன் விழுந்தால் பலகை போச்சு, கேடயம் போச்சு. இத்தனை வருட நிர்வாக அனுபவம் அப்போதுதான் வேலை செய்தது.

"சான்றிதழ்! இவரோட சான்றிதழைக் கொண்டாங்க! சீக்கிரம்!"

இரண்டு வாத்தியார்களும் ஒருவர் முதுகில் ஒருவர் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய அதிகாரியின் கையில் அதைத் திணித்து, சுண்ணாம்புக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார் இயக்குநர். நான் வந்தேன். அதிகாரி நீட்டினார். எட்டவில்லை, போய்விட்டேன். அடுத்த சுற்றில் அவர் இன்னும் ஓரடி முன்னால் வந்தார். நான் இடது கையை நீட்டப் போனேன்.

"ஒத்தைக் கையாலயா வாங்குவீங்க?" என்று இயக்குநர் அலறினார். "பெரியவங்க குடுக்கறாங்க! ரெண்டு கையாலயும் வாங்குங்க!"

நான் நல்ல மாணவன். இரண்டு கையாலும் வாங்கினேன்.

அப்போது ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். ஆக்சிலரேட்டரை விட்டாலே வண்டி அடங்கிவிடும். பிரேக்கைக் கூடத் தேட வேண்டியதில்லை, கையை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இதை ஒரே ஒரு வாக்கியத்தில் யாராவது சொல்லியிருக்கலாம். வண்டி விக்கித் திணறி, ஒரு குலுக்குக் குலுக்கி, தாரிலும் மண்ணிலும் பாதிப் பாதியாகச் சாய்ந்தது. நானும் சான்றிதழும் அப்படியே.

முதலில் ஓடிவந்தது நர்ஸம்மாதான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அவர் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக்கொண்டிருக்கையில் தலைக்கு மேலே பேச்சு நடந்தது.

"கவனிச்சீங்களா சார்? சான்றிதழ் கைக்கு வந்த அப்புறம்தான் விழுந்தார்," என்றார் இயக்குநர்.

"அப்ப விழுந்தது உங்க மாணவர் இல்ல."

"இல்லவே இல்ல சார்."

"அப்ப யாரு?"

"வெளியாள்."

பெரிய அதிகாரி யோசித்தார். "வெளியாள் கையில நிறுவன வண்டி எப்படி வந்துச்சு? அவர் மேல கேஸ் போடணுமே."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குழிக்குள் படுத்துக்கொண்டு அதைக் கேட்பது அதுதான் முதல்தடவை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"வெளியாளும் இல்ல சார். அவர் எங்க புது வாத்தியார். சான்றிதழ் வாங்கின நிமிஷத்துலேருந்து. எப்படி விழக் கூடாதுன்னு செஞ்சு காட்டினார்."

"பிரமாதம்!" என்றார் அதிகாரி. "ரொம்பத் தத்ரூபம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கீழே கிடந்தபடியே நானும் கும்பிட்டேன். நான் ஓட்டியது மொத்த வகுப்பும் ஓட்டியதற்குச் சமம் என்று அன்றைக்கே எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. கேடயமும் கைமாறியது.

கை கழுவிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா வந்தார். "சார், நீங்க நெசமாவே ஓட்டிட்டீங்க. மண்ணுல நின்னீங்களே, எனக்கே ஆசையா இருந்துச்சு. நிறுத்தத்தானே தெரியல? அதை ஒரு சாயங்காலத்துல கத்துக்கலாம். எங்க சித்தப்பா வீட்டுல ஒரு பழைய வண்டி இருக்கு. வாங்க, விழுந்து எந்திரிச்சுக் கத்துக்குவோம். சான்றிதழ்தான் கையில இருக்கே, மலைக்குப் போங்க."

போகிறேன் என்றுதான் சொன்னேன், மேல் சுனையைப் பற்றியும் சொன்னேன். நிஜமாகவே போவதாகத்தான் இருந்தேன். அதற்குள் இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜன்னல் பக்கத்தில் ஒரு சுழல் நாற்காலி போட்டிருந்தது. "உக்காந்து பாருங்க" என்றார். உட்கார்ந்தேன். சுற்றிப் பார்த்தேன். நன்றாகச் சுற்றியது.

"மலைக்குப் போனா என்ன ஆகும்? தினம் தினம் விழுவீங்க, ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்காது. இங்க ஒரே ஒரு தடவை விழுந்ததுக்கு ஆயுசுக்கும் மரியாதை. யோசிச்சுப் பாருங்க, இந்தக் கட்டடத்துலயே வண்டி ஓட்டின ஒரே ஆள் நீங்கதான்."

"நீங்க ஓட்டினதில்லையா சார்?"

"நான் நிர்வாகம்."

ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது. துடைத்து மறுபடியும் கோட்டின்மேல் நிறுத்தியிருந்தார்கள். மேல் சுனையை நினைத்தேன். அந்த அரைச்சுற்றையும் நினைத்தேன். முழங்கை எரிந்தது. மூத்த நிபுணர் என்று கதவில் பெயர்ப்பலகை மாட்டுவதாகவும் இயக்குநர் சொன்னார். மானம் கெட்ட மனசு, சுனையை விட்டுவிட்டுப் பலகையில் எழுத்து என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் இருக்கிறதே, முன்பைவிட முன்னேற்றம்தானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நான் அங்கே வாத்தியார். புது மாணவர்களுக்கு விழுதல் பற்றி நான்தான் பாடம் எடுக்கிறேன். உட்கார்ந்துகொண்டுதான். போன வாரம் ஒரு பையன் கையைத் தூக்கி, "சார், வண்டிய எப்ப ஓட்டுவோம்?" என்று கேட்டான். நான் கண்ணாடி போடுவதில்லை. இருந்தும் கை தானாக மூக்குக்குப் போயிற்று. "கல்யாணத்துக்கு வந்த உடனே..." என்று ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் அதிகமாகச் சிரித்தான். அவனைக் குறித்து வைத்துக்கொண்டேன். அவன்தான் அடுத்து முதலாவதாக வருவான்.

வேலைக்கு மனைவிதான் கொண்டுவந்து விடுகிறாள். நேற்று சிக்னலில் நின்றோம். பக்கத்தில் அதே மாதிரி ஒல்லி வண்டி ஒன்று வந்து நின்றது. சக்கரமெல்லாம் காய்ந்த சேறு. ஓட்டியவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். நர்ஸம்மா. முழங்கையில், முட்டியில், மோவாயில் என்று ஊர்ப்பட்ட தழும்பு. முகம் வெயிலில் கறுத்துப் பளபளவென்று இருந்தது.

"சார்! உங்க மேல் சுனையைப் பாத்தேன்! எங்க ஆஸ்பத்திரிலேருந்து ஏறினா பக்கம்தான். பாறைக்கு நடுவுல கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு பெரிய மரம் அப்படியே மேல சாஞ்சு நிக்குது. குனிஞ்சு குடிச்சேன். நீங்க எப்ப வரீங்க?"

முழங்காலைத் தடவிக்கொண்டேன். பச்சை விழுந்தது. அவர் கிளம்பிப் போனார். முன்னால் பள்ளம் வந்ததும் அனாயாசமாக எழுந்து நின்றார், வண்டி மட்டும் கீழே ஆடிக்கொண்டு போயிற்று.

"யாருங்க அது?" என்றாள் மனைவி.

"என்கூடப் படிச்சவங்க."

"நல்லா ஓட்டறாங்களே."

"அடித்தளம் அப்படி," என்றேன். "எங்க நிறுவனம்."

அவள் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பள்ளம் எங்களுக்கும் வந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. முட்டி தானாக மடங்கியது, பின்சீட்டிலிருந்து, மடியில் பையோடு, கால்வைப்பில் எழுந்து நின்றுவிட்டேன். காற்று முகத்தில் அடித்தது.

"உக்காருங்க," என்றாள் மனைவி. "இப்ப விழுந்தீங்கன்னா அதை யார் கணக்குல எழுதறது?"